சிடி117 பாசிட்டிவ் என்றால் மாத்திரை ரெடியா? அக்காவின் தைமஸ் கட்டியோடு நாங்கள் கற்றது

தைமஸில் கட்டி என்று தெரிந்தபின் சில வாரங்களில் கையில் ஒரு கத்தை ரிப்போர்ட் சேர்ந்துவிடும். சிடி5, சிடி117, பி40, பிடி-எல்1, டிபி53 என்று எழுத்தும் எண்ணும் கலந்த பெயர்கள் அதில் வரிசையாக நிற்கும். சிலவற்றின் பக்கத்தில் பாசிட்டிவ் என்று இருக்கும். அந்தப் பாசிட்டிவ்களில் எது நோயின் பெயரைச் சொல்கிறது, எது மருந்துக்கு வழி காட்டுகிறது, எது இப்போதைக்கு எதற்குமே உதவாது என்று பிரித்துப் பார்க்க எங்கள் குடும்பத்துக்குப் பல மாதங்கள் ஆயின. என் அக்காவுக்கு வந்தது தைமிக் கார்சினோமா. நான் மருத்துவன் இல்லை, திருச்சியில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். அக்காவின் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன் என்ற தகுதியில்தான் இதை எழுதுகிறேன். மருந்து முடிவு உங்கள் டாக்டருடையது. அவரிடம் என்ன கேட்பது என்பதற்கு இது உதவினால் போதும்.

அக்காவுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. வறட்டு இருமல், படுத்தால் நெஞ்சில் பாரம், காலையில் எழும்போது முகமும் கழுத்தும் உப்பியிருப்பது. தைராய்டு என்றும் அலர்ஜி என்றும் கொஞ்ச காலம் ஓடியது. கடைசியில் சிடி ஸ்கேனில் நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே, பெரிய ரத்தக் குழாயை அழுத்திக்கொண்டு ஒரு கட்டி தெரிந்தது. முகம் உப்பியதற்கு அந்த அழுத்தம்தான் காரணம். இப்படி முகம் உப்பினால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். இந்தக் கட்டத்தைப் பற்றி எனக்குச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

தைமஸ் என்பது டி செல்கள் என்ற எதிர்ப்பு அணுக்களைச் சிறு வயதில் பழக்கி அனுப்பும் சுரப்பி. எது நம் உடம்பு, எது அந்நியம் என்று அவை தெரிந்துகொள்வது அங்கேதான். பருவ வயதுக்குப் பின் அது சுருங்கிக் கொழுப்பாகிவிடும். அந்த மிச்சத்தில் எப்போதாவது கட்டி வளரும். அமெரிக்கக் கணக்குப்படி பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு பேருக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் தைமோமா ஏ, ஏபி, பி1, பி2, பி3 என்று ஒரு வரிசை இருக்கிறது. தைமிக் கார்சினோமா அதற்கு அப்பால் தனி. தைமோமா பெரும்பாலும் மெதுவாக வளரும். கார்சினோமா வேகமானது, பரவவும் செய்யும். உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பது இவற்றில் எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே மார்க்கர், அதாவது நோயின் அடையாளமாகப் பார்க்கும் புரதமோ மரபணுவோ, இரண்டிலும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை.

ஊசி போட்டுச் சதை எடுப்பதற்கு முன்பே ரத்தத்தில் ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி என்ற இரண்டு மார்க்கர்களைப் பார்த்தார்கள். இரண்டும் நார்மல். மாமா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “கேன்சர் மார்க்கர் நார்மல்னு போட்டிருக்கே, அப்போ கேன்சர் இல்லதானே?” என்று சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, தாளில் அப்படித்தான் தலைப்பு இருந்தது. அந்தச் சோதனை, அதே இடத்தில் வரக்கூடிய ஜெர்ம் செல் கட்டியை (கருமுட்டை, விந்து அணுக்களை உண்டாக்கும் செல் வகையிலிருந்து வருவது) ஒதுக்குவதற்காகச் செய்வது. தைமஸ் புற்றுநோயைக் கண்டுபிடிக்க வழக்கத்தில் இருக்கும் ரத்த மார்க்கர் எதுவும் இல்லை. நார்மல் என்று வந்தால் ஜெர்ம் செல் சந்தேகம் குறைகிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பழுப்பு நிறம் சொல்வது என்ன

பயாப்சி ரிப்போர்ட்டில் ‘ஸ்குவாமஸ் வகை தைமிக் கார்சினோமா’ என்று வந்தது; ஸ்குவாமஸ் என்றால் தட்டையான செல். கீழே சிடி5 பாசிட்டிவ், சிடி117 பாசிட்டிவ், பி40 பாசிட்டிவ். இதை ஐஎச்சி என்பார்கள். சதையை மெழுகில் பதித்து, மிக மெல்லிய சீவலாக வெட்டி, கண்ணாடியில் ஒட்டி, ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடியை ஊற்றுவார்கள். அந்தப் புரதம் இருந்தால் பழுப்பு நிறம் ஏறும். பார்த்துச் சொல்வது பெத்தாலஜிஸ்ட்.

சிடி5-ஐயும் சிடி117-ஐயும் எதற்குப் போடுகிறார்கள் என்றால், நுரையீரலில் வரும் ஸ்குவாமஸ் புற்றும் மைக்ராஸ்கோப்பில் பார்க்கக் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் இருக்கும். இரண்டு சாயமும் சேர்ந்து ஏறினால் தைமஸிலிருந்து கிளம்பியது என்ற பக்கம் சாய்கிறது. தைமோமாவில் இந்தச் சாயம் கட்டிச் செல்களில் ஏறுவது குறைவு, தைமிக் கார்சினோமாவில் பெரும்பாலானவற்றில் ஏறும். ஆக அக்காவின் ரிப்போர்ட்டில் அந்தப் பாசிட்டிவ்கள் செய்த வேலை நோயின் பெயரை உறுதி செய்தது. அதோடு அதன் வேலை முடிந்தது. எங்களுக்குத்தான் முடியவில்லை.

சிடி117 என்பதும் கிட் என்பதும் ஒன்றுதான். வயிற்றிலும் குடலிலும் வரும் ஜிஸ்ட் என்ற கட்டியில் இந்தக் கிட்டைக் குறிவைத்து இமாட்டினிப் மாத்திரை கொடுக்கிறார்கள், பலர் அதில் ஆண்டுக்கணக்கில் நன்றாக இருக்கிறார்கள். பெங்களூரில் இருக்கும் எங்கள் சித்தப்பா பையன் அன்று ராத்திரியே தேடிப் படித்துவிட்டு, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் லிங்க்கைப் போட்டான். “அண்ணே, கீமோவே வேண்டாம் போல. மாத்திரையிலயே அடிச்சிரலாம்.” அக்கா அன்றைக்குத்தான் பல நாளுக்குப் பிறகு சரியாகச் சாப்பிட்டாள்.

அவன் அனுப்பியது பொய்யில்லை. 2004-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஜெர்மன் மருத்துவர்கள் ஒரு தைமிக் கார்சினோமா நோயாளியைப் பற்றி எழுதினார்கள். அவருக்கு இமாட்டினிப் கொடுத்ததும் நோய் பின்வாங்கியது. ஆனால் அவருடைய கிட் மரபணுவில், எக்சான் 11 என்ற பகுதியில், வி560 என்ற ஓர் அமினோ அமிலம் விட்டுப்போயிருந்தது. ஜிஸ்ட்டில் இமாட்டினிப் நன்றாகப் பிடித்துக்கொள்வதும் பெரும்பாலும் அதே பகுதி மாற்றங்களைத்தான். சித்தப்பா பையன் அனுப்பிய சுருக்கத்தில் ‘கிட் பாசிட்டிவ்’, ‘இமாட்டினிப்’, ‘பலன்’ ஆகிய மூன்றும் எங்கள் கண்ணில் பட்டன. ‘மரபணு மாற்றம்’ என்ற வார்த்தையும் அதே வாக்கியத்தில்தான் இருந்தது.

எங்கள் புற்றுநோய் மருத்துவர் ஒரு மேடம். அவசரப்படாமல் பேசுகிறவர். மாமா அந்த லிங்க்கைக் காட்டியதும் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. “சார், சாயம் ஏறுச்சுன்னா செல் மேல அந்த சுவிட்ச் இருக்குன்னு அர்த்தம். மாத்திரை வேலை செய்யணும்னா சுவிட்ச் அணையாம சிக்கிக்கிட்டு இருக்கணும். அது மரபணுவைப் பார்த்தாத்தான் தெரியும்” என்றார். தைமிக் கார்சினோமாவில் பத்தில் எட்டு பேருக்குப் பக்கம் சாயம் ஏறும். மரபணு மாறியிருப்பது பத்தில் ஒருவருக்கும் குறைவு என்றும் சொன்னார். மரபணுவைப் பார்க்காமல் இமாட்டினிப் கொடுத்துப் பார்த்த சிறு ஆய்வுகளில் யாருக்கும் கட்டி சுருங்கவில்லை என்பதை நான் பின்னால் படித்தேன்.

மாமா விடவில்லை. “விலை கம்மிதானே மேடம், போட்டுத்தான் பாப்போமே?” நம் ஊரில் இந்தக் கேள்வி வருவது இயல்பு. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் நோவார்ட்டிஸின் காப்புரிமை மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது இந்த இமாட்டினிப் வழக்கில்தான். உள்நாட்டு நிறுவனங்களின் மாத்திரை அதனால் தடையில்லாமல் கிடைக்கிறது. மேடம் சொன்ன பதில் பணத்தைப் பற்றியது இல்லை. பெரிய ரத்தக் குழாயை அழுத்திக்கொண்டிருக்கும் கட்டிக்குப் பலன் தராத மாத்திரையைப் போட்டுவிட்டு இரண்டு மாதம் கழித்து ஸ்கேன் எடுத்தால், அந்த இரண்டு மாதத்தை யார் திருப்பித் தருவார்கள் என்று கேட்டார். மாமா அதற்குப் பிறகு பேசவில்லை. முதலில் கார்போபிளாட்டின், பேக்ளிடாக்சல் கீமோ. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே மரபணுச் சோதனைக்கு அனுப்பலாம் என்று முடிவானது. அறுவை சிகிச்சைக்கு இடமில்லை, கட்டி நுரையீரல் உறை வரை போயிருந்தது.

பிளாக்கைப் பத்திரப்படுத்துங்கள்

யாராவது என்னிடம் ஒரே ஒரு யோசனை கேட்டால் இதைத்தான் சொல்வேன்: பயாப்சி எடுப்பதற்கு முன்பே, இதில் மரபணுச் சோதனையும் செய்ய வேண்டி வரலாம் என்று டாக்டரிடமும் லேபிலும் சொல்லிவிடுங்கள்.

ஊசியில் வருவது நூல் மாதிரி நாலைந்து துண்டுச் சதை. அதை ஃபார்மலினில் ஊறவைத்து மெழுகுக் கட்டியில் பதிப்பார்கள், அதுதான் பிளாக். ஒவ்வொரு சாயத்துக்கும் அதிலிருந்து ஒரு சீவல் போகும். நெஞ்சின் நடுவில் கட்டி என்றால் லிம்போமாவா, ஜெர்ம் செல்லா, நுரையீரலா, தைமஸா என்று ஒதுக்குவதற்கே பல சாயம் போட வேண்டியிருக்கும். கடைசியில் மரபணுச் சோதனைக்கு அனுப்பும்போது பிளாக்கில் மெழுகு இருக்கும், சதை இருக்காது. முன்கூட்டியே தெரிந்தால் அளவோடு சாயம் போட்டு, மரபணுச் சோதனைக்கான சீவல்களையும் அதே தடவையில் வெட்டி வைத்துக்கொள்வார்கள்.

எங்களுக்கு முதலில் கொடுத்தது ஸ்லைடுகள் மட்டும். ஸ்லைடை வைத்து இன்னொரு பெத்தாலஜிஸ்ட்டிடம் அபிப்பிராயம் கேட்கலாம், மரபணுச் சோதனைக்கு அநேகமாகப் பிளாக் வேண்டும். கேட்டு, கையெழுத்துப் போட்டு வாங்கினோம். அங்கே ஒரு டெக்னீஷியன் தம்பி இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, பிளாக்கை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வைக்காதீர்கள், கூரியரில் அனுப்பினால் ஜெல் பேக் வைத்து அனுப்புங்கள். சித்திரை வெயிலில் திருச்சியிலிருந்து அனுப்புகிறவர்களுக்கு இது நினைவிருக்கட்டும். இரண்டு, எலும்பில் பரவிய இடத்திலிருந்து சதை எடுத்தால் அதை அமிலத்தில் ஊறவைத்து மெதுவாக்குவார்கள், அந்த அமிலம் டிஎன்ஏவைச் சிதைத்துவிடும். வேறு இடத்தில் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். இரண்டாவது எங்களுக்குத் தேவைப்படவில்லை. ஆனாலும் இதை எந்த டாக்டரும் எங்களிடம் சொல்லவில்லை, அந்தத் தம்பிதான் சொன்னார்.

மரபணு லேப் முதலில் பார்ப்பது, அனுப்பிய சதையில் புற்றுச் செல் எத்தனை பங்கு என்பது. தைமோமாக்களில், குறிப்பாக பி1 வகையில், கட்டிக்குள்ளேயே சாதாரண டி செல்கள் மண்டிக்கிடக்கும். புற்றுச் செல் சிறுபான்மை ஆகிவிடும். அப்போது சோதனை எதையும் காட்டாமல் போகலாம். அதனால் ‘மாற்றம் எதுவும் இல்லை’ என்று வந்தால், சதை போதுமானதாக இருந்ததா என்ற வரியையும் சேர்த்துப் பாருங்கள். ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். ரத்தத்திலேயே பார்க்கும் லிக்விட் பயாப்சியும் உண்டு. அதில் ஏதாவது தெரிந்தால் பயன்படும், தெரியாவிட்டால் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது.

செலவு அரை லட்சத்தைத் தாண்டியது. எங்கள் காப்பீட்டில் அது வரவில்லை. கட்டுவதற்கு முன் மேடத்திடம் நான் கேட்ட கேள்வி: “இதுல என்ன வந்தா மருந்தை மாத்துவீங்க?” அவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். கிட் மாற்றம், அதுவும் எந்த எக்சானில் என்பது முக்கியம்; 17-ல் வந்தால் இமாட்டினிப் பொதுவாக எடுபடாது, வேறு மருந்து யோசிக்க வேண்டும். எம்எஸ்ஐ ஹை, அதாவது டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் ஏற்பாடு கெட்டிருப்பதன் அடையாளம். டிஎம்பி, அதாவது டிஎன்ஏவில் பத்து லட்சம் எழுத்துக்கு எத்தனை மாற்றம் என்ற அளவு, 10 அல்லது அதற்கு மேல். என்டிஆர்கே இணைவு, அதாவது அந்த மரபணு வேறொரு மரபணுவோடு ஒட்டிக்கொண்டிருப்பது. இவற்றில் கடைசி மூன்றும் கட்டி எந்த உறுப்பில் இருந்தாலும் மருந்துக்கு அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏவின் ஒப்புதல் உள்ளவை. தைமஸில் அபூர்வம்தான், வந்தால் விடக்கூடாது. பணம் கட்டும் முன் இப்படி ஒரு தாள் வாங்கி வைத்துக்கொண்டது பெரிய உதவி. ரிப்போர்ட் பல பக்கம் வந்தபோது எதைத் தேட வேண்டும் என்று எங்களுக்கே தெரிந்திருந்தது.

வந்த முடிவு: கிட்டில் மாற்றம் இல்லை. எம்எஸ்ஐ ஸ்டேபிள், டிஎம்பி குறைவு, என்டிஆர்கே இல்லை. டிபி53 என்ற மரபணுவில் ஒரு மாற்றம், சிடிகேஎன்2ஏ என்ற மரபணு இழப்பு. இன்னும் சில ‘அர்த்தம் தெரியாத மாற்றங்கள்’. டிபி53 பல புற்றுநோய்களில் உடைந்திருப்பது; அதைச் சரிசெய்யும் மருந்து இன்றைக்குக் கையில் இல்லை. சிடிகேஎன்2ஏ இழப்பும் தைமிக் கார்சினோமாவில் அடிக்கடி பார்ப்பதுதான். அந்த வழியில், செல் பெருக உதவும் சிடிகே புரதங்களைத் தடுக்கும் மருந்துகளை வைத்து ஆய்வுகள் நடந்திருக்கின்றன, இந்த இழப்பு இருக்கிறதா என்று பார்த்து மருந்து எழுதும் நிலை இன்னும் வரவில்லை. அர்த்தம் தெரியாத மாற்றங்களைக் கூகுளில் தேடி ஒரு வாரத்தை வீணாக்க வேண்டாம்.

வெறும் தாளாக வந்ததே என்று அக்கா வருத்தப்பட்டாள். உண்மையில் இந்தக் கட்டியின் சுபாவமே அதுதான். 2018-ல் டிசிஜிஏ என்ற அமெரிக்கத் திட்டத்தில் 117 தைமஸ் கட்டிகளை முழுக்க அலசினார்கள். பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களிலேயே மரபணு மாற்றம் மிகக் குறைவாக இருப்பது தைமஸ் கட்டிகளில்தான் என்று தெரியவந்தது. அதில் அடிக்கடி தென்படுவது ஜிடிஎஃப்2ஐ என்ற மரபணு. 2014-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள்: ஏ வகைத் தைமோமாவில் 82 விழுக்காடு, ஏபியில் 74 விழுக்காடு, அதுவும் எல்லோருக்கும் ஒரே இடத்தில் ஒரே மாற்றம். இந்த மாற்றத்தை வேறு புற்றுநோய்களில் அநேகமாகப் பார்க்க முடியாது. கேட்டால் இதற்கு மருந்து வந்திருக்கும் என்றுதான் தோன்றும். வரவில்லை. இந்த மாற்றம் இருக்கும் கட்டிகள் பெரும்பாலும் சாதுவானவை என்ற கணிப்புக்குத்தான் உதவுகிறது. ஆராய்ச்சிக்காரர்களுக்குப் பொக்கிஷம், நோயாளிக்கு ஓர் ஆறுதல், மருந்துக் கடைக்கு ஒன்றுமில்லை.

மார்க்கர் கேட்காத மருந்து

கீமோ முடிந்து சில மாதம் அடங்கியிருந்த கட்டி மறுபடி வளரத் தொடங்கியபோது மேடம் லென்வாட்டினிப் என்றார். “அதுக்கு எந்த டெஸ்ட் பாசிட்டிவா இருக்கணும்?” என்று மாமா கேட்டார். அதற்குள் அவர் நன்றாகத் தேறிவிட்டார். ஒன்றும் வேண்டாம் என்பது பதில்.

கட்டிக்கு ரத்தக் குழாய் வளர்வதைத் தடுக்கும் மருந்து இது. ஜப்பானில் நடந்த ரெமோரா ஆய்வில் 42 தைமிக் கார்சினோமா நோயாளிகளுக்குக் கொடுத்து, 38 விழுக்காட்டினருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது. 2020-ல் அந்த முடிவு வெளியானது, 2021-ல் ஜப்பான் இந்த நோய்க்கென்றே ஒப்புதல் கொடுத்தது. அதற்கு முன் 2015-ல் இதே மாதிரி மருந்தான சுனிட்டினிப்பை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வில் 23 தைமிக் கார்சினோமா நோயாளிகளில் 6 பேருக்குப் பலன், தைமோமாவில் 16 பேரில் ஒருவருக்கு மட்டும். பாருங்கள், மார்க்கர் பார்த்துத் தேடிய வழியைவிட மார்க்கர் பார்க்காமல் கொடுத்த மருந்து அதிகம் பேருக்கு உதவியிருக்கிறது. மரபணுச் சோதனையில் ஒன்றும் வராததால் வழி அடைபட்டதாக நினைத்துக்கொண்டிருந்த எங்களுக்கு இதை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் அந்த மாதங்கள் கொஞ்சம் லேசாகப் போயிருக்கும்.

லென்வாட்டினிப் கேப்சூல் சாப்பிடுகிறவர்களுக்கு வீட்டில் பி.பி. மெஷின் கட்டாயம். ரெமோராவில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்த அழுத்தம் மருந்து கொடுக்கும் அளவுக்கு ஏறியது. அக்காவுக்கு முதல் பத்து நாளிலேயே ஏறிவிட்டது. காலையும் மாலையும் பார்த்து நோட்டில் எழுதி, போட்டோ எடுத்து நர்ஸுக்கு அனுப்புவோம். உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து தோல் உரியும். சுடுதண்ணீரில் பாத்திரம் தேய்ப்பது, வெறுங்காலில் வாசல் தெளிப்பது இரண்டையும் நிறுத்தினோம், யூரியா கிரீம் தடவினோம். வாய்ப்புண் வந்ததும் மிளகாய்க் காரம் போய் மிளகு ரசமும் தயிர்ச் சாதமும் ஆனது. சிறுநீரில் புரதம், தைராய்டு இரண்டும் விடாமல் பார்க்க வேண்டும். பல் பிடுங்குவது மாதிரி ஏதாவது வந்தால் மருந்தை முன்கூட்டியே நிறுத்தச் சொல்வார்கள், புண் ஆறாது. அளவைக் குறைத்தால் நோய் ஏறிவிடுமோ என்று பயந்து அக்கா கால் வலியை மறைத்தாள். அளவு குறைப்பது இந்த மருந்தில் வழக்கமான காரியம் என்று மேடம் சொன்ன பிறகுதான் வாயைத் திறந்தாள். இப்போது குறைந்த அளவில் ஓடுகிறது, கடைசி ஸ்கேனில் கட்டி சுருங்கிய நிலையிலேயே இருக்கிறது.

பிடி-எல்1 எழுபது விழுக்காடு என்று இருந்தாலும்

வார்டில் பக்கத்துக் கட்டிலில் பி2 தைமோமா நோயாளி ஒருவர் இருந்தார். கண் இமை தொங்கும், சாயங்காலம் ஆனால் பேச்சு குழறும். மயஸ்தீனியா கிராவிஸ், அதாவது சொந்த எதிர்ப்பு சக்தியே தாக்கித் தசையைப் பலவீனமாக்கும் நோய். தைமோமா உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்காவது இது வருகிறது. அவருடைய ரிப்போர்ட்டில் பிடி-எல்1, அதாவது எதிர்ப்பு அணுக்களுக்குக் கடிவாளம் போடக் கட்டி பயன்படுத்தும் புரதம், மிக அதிகம். அவர் மகன் நுரையீரல் புற்றுநோய்க்கு, எதிர்ப்பு அணுக்களை நோய்மீது ஏவிவிடும் இம்யூனோதெரபி எடுத்த யாரையோ பார்த்துவிட்டு, அப்பாவுக்கும் அதே ஊசியைப் போடச் சொல்லி நின்றார். டாக்டர்கள் மறுத்துவிட்டார்கள். பணத்துக்காக மறுக்கிறார்கள் என்றே அந்தத் தம்பி நினைத்தார்.

காரணம் தைமஸின் வேலையிலேயே இருக்கிறது. டி செல்களைப் பழக்கும் இடமே கெட்டுப்போயிருக்கும்போது, சொந்த உடம்பைத் தாக்கும் டி செல்கள் வெளியே வந்துவிடுகின்றன. இம்யூனோதெரபி அவற்றின் கடிவாளத்தைத்தான் அவிழ்க்கிறது. கொரியாவில் பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி ஊசியைக் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில் 7 தைமோமா நோயாளிகளில் 5 பேருக்குக் கடுமையான எதிர்ப்புசக்தி விளைவுகள் வந்தன. தைமிக் கார்சினோமாவில் நிலைமை கொஞ்சம் மேல்: 2018-ல் வெளியான ஆய்வில் 40 பேரில் 22.5 விழுக்காட்டினருக்குக் கட்டி சுருங்கியது, பிடி-எல்1 அதிகமாக இருந்தவர்களுக்குப் பலனும் அதிகம். அதே 40 பேரில் 15 விழுக்காட்டினருக்குக் கடுமையான பக்கவிளைவு, இருவருக்கு இதயத் தசை அழற்சி. ஆக பிடி-எல்1 என்ற இந்த மார்க்கர் கார்சினோமாவில் ஓரளவு வழிகாட்டுகிறது. தைமோமாவில் எண் எவ்வளவு உயரமாக இருந்தாலும் வழி ஆபத்தானது.

அக்காவுக்கு இந்த ஊசி அடுத்த கட்டமாக வரலாம் என்று பேச்சு இருக்கிறது. அதனால் மயஸ்தீனியா, தசை, இதயம் மூன்றையும் பார்க்க இப்போதே அசிட்டைல்கோலின் ரிசப்டர் ஆன்டிபாடி, சிபிகே, டிரோபோனின், ஈசிஜி எல்லாம் எடுத்து வைத்திருக்கிறார்கள். ஊசி போட்ட பின் உடம்பு வலி, இமை தொங்கல், மூச்சு வாங்கல் எது வந்தாலும் பாரசிட்டமால் போட்டுப் படுக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். மயஸ்தீனியா உள்ளவர்களுக்கு இன்னொன்று: அசித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்சசின், ஜென்டாமைசின் மாதிரி சாதாரண ஆன்டிபயாட்டிக்குகள்கூடத் தசை பலவீனத்தைத் திடீரென்று கூட்டிவிடும். சளிக் காய்ச்சலுக்குத் தெரு முனை கிளினிக்குக்குப் போனாலும் நோயின் பெயரைச் சொல்லிவிட்டு மருந்து வாங்குங்கள்.

தைமோமாவில் ஸ்கேனிலேயே பார்க்கும் ஒரு மார்க்கரும் உண்டு. சொமாட்டோஸ்டாட்டின் என்ற ஹார்மோனைப் பிடிக்கும் ரிசப்டர் கட்டியில் இருக்கிறதா என்று டோட்டாடேட் பெட் ஸ்கேனில் பார்த்து, கட்டி பிரகாசித்தால் அந்த ஹார்மோனைப் போன்ற ஆக்ட்ரியோடைடு ஊசியைச் சிலருக்கு ஸ்டீராய்டோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள். பக்கத்துக் கட்டில்காரருக்குக் கடைசியில் அந்த வழியைத்தான் பார்த்தார்கள். கீமோவைத் தாங்க முடியாதவர்கள் இதைக் கேட்டுப் பார்க்கலாம். இளம் வயதில் மிக வேகமாக வளரும் நடுநெஞ்சுக் கட்டி என்றால் நட் என்ற சாயம் போட்டார்களா என்றும் கேளுங்கள். அது தனி நோய், தனிச் சிகிச்சை.

இவ்வளவு அபூர்வமான நோயை ஒரே டாக்டர் நிறையப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. பிரான்சில் 2012-லிருந்து ரித்மிக் என்ற வலையமைப்பு இருக்கிறது, அங்கே தைமஸ் கட்டி நோயாளிகளின் விவரத்தைப் பல ஊர் நிபுணர்கள் சேர்ந்து உட்கார்ந்து பேசி முடிவெடுக்கிறார்கள். நம் ஊரில் டாட்டா மெமோரியலை மையமாக வைத்த நேஷனல் கேன்சர் கிரிட்டில் பல மருத்துவமனைகள் இணைந்திருக்கின்றன. உங்கள் டாக்டரிடம், இந்தக் கேஸைப் பல துறை டாக்டர்கள் சேர்ந்து பேசும் டியூமர் போர்டில் வைக்க முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள். எங்கள் மேடம் இதைக் கேட்டதும் முகம் சுளிக்கவில்லை, அவரே வைப்பதாக இருந்தார். புதிய மருந்து ஆய்வுகளைத் தேட சிடிஆர்ஐ என்ற அரசுப் பதிவேடு இலவசம். அதில் ‘தைமிக்’ என்று மட்டும் தேடாமல் ‘திடக் கட்டிகள்’ என்ற பொதுத் தலைப்பிலும் தேட வேண்டும், அபூர்வக் கட்டிகளை அதில்தான் சேர்த்திருப்பார்கள்.

மரபணு ரிப்போர்ட் வந்த அன்று எங்களில் அதிகம் பயந்தது அக்கா மகள். கல்லூரியில் படிக்கிறாள். டிபி53 என்று தேடி, அது பரம்பரையாக வரும் என்று எங்கேயோ படித்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் சில நாள் வைத்திருந்தாள். பிறகு என்னிடம், “மாமா, அம்மாவுக்கு ஜீன்லயே கோளாறுன்னா எனக்கும் இருக்கும்தானே?” என்றாள். அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். மேடம் ரிப்போர்ட்டை அவள் பக்கம் திருப்பி வைத்து, இது கட்டியிலிருந்து எடுத்த சதையில் பார்த்தது, கட்டி வளரும்போது அதற்குள் ஏற்பட்ட மாற்றம் அநேகமாக, பிறவியில் வந்தது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது என்றார். தைமிக் கார்சினோமா குடும்பத்தில் ஓடும் நோயாகப் பொதுவாகக் கருதப்படுவதில்லை. ஆனாலும் குடும்பத்தில் சிறு வயதிலேயே புற்றுநோய் வந்தவர்கள், ஒருவருக்கே இரண்டு மூன்று புற்றுநோய் வந்தவர்கள் யாராவது உண்டா என்று தாத்தா பாட்டி வரை விசாரித்தார். அப்படி இருந்திருந்தால் அக்காவின் ரத்தத்தில் தனியாக ஒரு சோதனை எடுத்துப் பார்த்திருப்பார்களாம். இல்லை என்பதால் விட்டுவிட்டார். அந்தக் கேள்விகளுக்கு அன்று நாங்கள் பாதிக்குத் தடுமாறினோம், பெரியம்மாவுக்குப் போன் போட்டுத்தான் சொல்ல முடிந்தது. அதனால் இரண்டு பக்கத்துச் சொந்தங்களிலும் யாருக்கு என்ன நோய், எந்த வயதில் என்று அவளே விசாரித்து ஒரு தாளில் எழுதி, அம்மாவின் ஃபைலில் முதல் கவரில் வைத்திருக்கிறாள்.